ஆணையர் எழுந்திருக்கும் வரை

அனுப்புநர்: அப்பா, புகார்ப் பிரிவுக் கண்காணிப்பாளர், நகராட்சி அலுவலகம். (தற்சமயம்: வீட்டுக் கூடம், ஜன்னலோர நாற்காலி.)

பெறுநர்: மகள், செவிலியர், காய்ச்சல் வார்டு, பெரியாஸ்பத்திரி.

பொருள்: மூன்றரை மணிக்கு வரும் போனை எடுக்காமை – விளக்கம் அளித்தல் – தொடர்பாக.

பார்வை: தண்ணீர் லாரி ஓட்டுநர் வழியாக நேற்று மாலை நீ அனுப்பிய வாய்மொழி எச்சரிக்கை.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். ஒரே கூரையின் கீழ் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாமல் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் உன்கூட வேலை பார்க்கிற பிள்ளைகளும் காய்ச்சல் தலைவலி அண்டாமல், வேளைக்குச் சாப்பிட்டு, கிடைத்த நேரத்தில் தூங்கி, நல்லபடியாக இருக்க வேண்டும். மேலே பொருள், பார்வை என்றெல்லாம் போட்டிருப்பதைப் பார்த்துச் சிரிக்காதே. காலமெல்லாம் அப்படியே எழுதிப் பழகிய கை. கல்யாணமான புதிதில் உன் அம்மாவுக்கு எழுதிய முதல் கடிதத்திலும் பொருள் போட்டுத்தான் எழுதினேன். அதை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

நேற்று சாயங்காலம், உங்கள் ஆஸ்பத்திரிக்கும் நம் தெருவுக்கும் தண்ணீர் கொண்டுவருகிற லாரி ஓட்டுநர் தெருமுனையில் ஹாரன் அடித்து என்னை வெளியே கூப்பிட்டார். தள்ளி நின்று, முகமூடியைச் சரிசெய்துகொண்டு, பள்ளிக்கூடத்துப் பையன் செய்யுள் ஒப்பிக்கிற மாதிரி ஒப்பித்தார். "சார், பாப்பா சொல்லச் சொல்லுச்சு. அப்பாவுக்கு நான் கூப்பிடறது தொந்தரவா இருக்கு போல. நாளைக்கு மூணரைக்கு இன்னும் ஒரே ஒரு தடவை கூப்பிடுவேன். அதையும் எடுக்கலைன்னா இனிமே நான் கூப்பிடவே மாட்டேன்னு சொல்லச் சொல்லுச்சு." சொல்லி முடித்துவிட்டு வண்டியில் ஏறப்போனவர் திரும்பி வந்து, அவராக ஒரு வரி சேர்த்தார். "பாப்பா அழல சார். அழுதிருந்தாக்கூடப் பரவாயில்லை." இதைக் கேட்டு எனக்கு ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. உன் பிடிவாதம் எனக்குத் தெரியும். அது உன் அம்மா வீட்டுச் சொத்து. நீ கூப்பிடமாட்டேன் என்றால் கூப்பிடமாட்டாய். அதனால்தான் இந்த விளக்கம். இதை இன்று சாயங்காலம் அதே லாரியில், அதே ஓட்டுநர் கையில் கொடுத்தனுப்பப் போகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதை எழுதும்போது பதினோரு பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் கூட்டத்தில் இருக்கிறேன். போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து, அதற்கு எதிரே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். கூட்டக் குறிப்பு எடுப்பதாக அவர்கள் நினைக்கிறார்கள். நடுநடுவே தலையைத் தூக்கி, இரண்டு முறை ஆட்டி, மறுபடியும் குனிந்து எழுதுகிறேன். இப்போதுகூட ஆணையர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். பொறுப்பான ஊழியர் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும். இந்தக் கடிதத்தில் அவரைப் பற்றி எழுதப்போவதை மட்டும் அவர் பார்த்தால் எனக்கு அடுத்த பிறவியிலும் பதவி உயர்வு கிடையாது.

கதையை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். ஊரடங்கு வந்ததும் அலுவலகத்தைப் பூட்டிவிட்டு, எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. நகராட்சி வேலையை வீட்டிலிருந்து எப்படிப் பார்ப்பது என்று உத்தரவில் இல்லை. குப்பையை வீட்டிலிருந்து அள்ள முடியுமா, சாக்கடையை வீட்டிலிருந்து குத்திவிட முடியுமா? அதைச் செய்கிறவர்கள் எப்போதும்போல தெருவில்தான் நிற்கிறார்கள். வீட்டில் உட்காரச் சொன்னது எங்களைத்தான். அதனால் எங்களுக்கு என்று தினமும் பத்து மணிக்கு போனில் முகம் பார்த்துக் கூட்டம் என்று ஏற்பாடானது. எப்படி இயக்குவது என்று தட்டச்சுப் பெண் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொடுத்தாள். பாவம், அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அதைக் கேட்டு அவள் வீட்டுக்காரர் காய்ச்சல்தான் வந்துவிட்டது என்று அவளைத் தனி அறையில் போட்டுப் பூட்டிவிட்டார்.

முதல் நாள் ஆணையர் முகம் திரையில் வந்ததும் எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆபீசர் அறைக்குள் வந்தால் எழுந்து நிற்க வேண்டும். இத்தனை வருஷத்துப் பழக்கம், கால் நம்மைக் கேட்டுக்கொண்டா எழுந்திருக்கிறது? எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றோம். தலையெல்லாம் மேலே போய்விட்டது. திரை முழுக்க வயிறு, கட்டத்துக்கு ஒரு வயிறு. அதற்குக் கீழேயும் கொஞ்சம் தெரிந்தது. மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே குளிக்கப் போகிற துண்டு என்று வரிப் பிரிவுக்காரர் நின்ற கோலத்தை ஒரு தகப்பனாக உனக்கு நான் விவரிக்க முடியாது. ஆணையர் கொஞ்ச நேரம் அத்தனை வயிறுகளையும் பார்த்துவிட்டு, "உக்காருங்க, உக்காருங்க" என்றார். உட்கார்ந்தோம். அன்றைக்கு உட்கார்ந்தவர்கள்தான்.

கூட்டம் என்றால் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. எந்தத் தெருவில் மருந்து தெளித்தாயிற்று, எந்தத் தெருவில் குப்பை வண்டி போகவில்லை, யார் வீட்டு வாசலில் தகரம் அடித்தாயிற்று, இவ்வளவுதான். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே பேச்சு தீர்ந்துவிடும். ஆணையர், "வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்பார். "இல்லீங்க சார்" என்போம். அதோடு கூட்டம் முடிந்தது. ஆனால் முடியாது. ஏனென்றால் அலுவலகத்தில் கூட்டம் எப்படி முடியும்? ஆணையர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்திருப்பார். நாங்கள் எழுந்திருப்போம். அவர் கதவைத் தாண்டிப் போவார். அப்புறம் மேலாளர், அப்புறம் பொறியாளர், அப்புறம் நாங்கள், என்று வரிசையாக வெளியே வருவோம். மேலே உள்ளவர் எழுந்திருக்காமல் கீழே உள்ளவன் எழுந்திருந்தான் என்பது எங்கள் அலுவலகச் சரித்திரத்திலேயே கிடையாது. முன்னால் இருந்த ஒரு ஆணையர் கூட்டத்தின் நடுவில் தூங்கிப்போனபோது, அவராக விழிக்கும்வரை விளக்குகூடப் போடாமல் இருட்டில் உட்கார்ந்திருந்த பரம்பரை நாங்கள். போனுக்குள் இருக்கிற இந்த ஆணையர் எழுந்திருப்பதே இல்லை. "சரி" என்கிறார், எங்களைப் பார்க்கிறார். நாங்கள் அவரைப் பார்க்கிறோம். அப்படியே பொழுது சாய்கிறது. வெளிச்சம் மங்கி ஆள் முகம் தெரியாமல் போன பிறகு, ஒருவர் படம் தானாக நின்றுபோக, அந்தச் சாக்கில் எல்லாரும் ஒவ்வொருவராக மறைகிறோம்.

அவருக்கு எதை அழுத்தினால் கூட்டம் முடியும் என்று தெரியவில்லை, பாவம், என்பது கணக்குப் பிரிவு அம்மாவின் கட்சி. தெரியாமல் என்ன, நாம் வீட்டில் என்ன செய்கிறோம் என்று வேவு பார்க்கிறார் என்பது வரிப் பிரிவுக்காரர் கட்சி. எனக்கு இரண்டும் வேண்டாம், யாராவது அவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் பூனைக்கு யார் மணி கட்டுவது? ஆபீசருக்கு ஒன்று தெரியவில்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லி அந்த அலுவலகத்தில் பிழைத்தவன் யார்? அதனால் ஆளாளுக்கு அவரவர் வழியைப் பார்த்துக்கொண்டோம். ஆணையர் ஒரு பக்கமாகத் திரும்பி எதையோ மென்றார். அப்படியானால் சாப்பிடலாம் என்று புரிந்துகொண்டோம். அவர் கொட்டாவி விட்டார், நாங்களும் விட்டோம். கணக்கு அம்மா காமிராவுக்குக் கீழே வைத்துக் காய்கறி நறுக்குகிறார். முகத்தில் நிதிநிலை அறிக்கை படிக்கிற பாவனை இருக்கும், கத்திச் சத்தம் மட்டும் டக் டக் என்று கேட்கும். சுகாதார ஆய்வாளர் ஒருவர்தான் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் சுற்றுகிறார். அவர் கட்டத்தில் எப்போது பார்த்தாலும் துணியின் இருட்டும், ப்ளீச்சிங் பவுடர் கேட்டு யாரையோ திட்டுகிற சத்தமும்தான். எங்கள் எல்லாரிலும் வேலை பார்க்கிறவர் அந்த இருட்டு ஒன்றுதான்.

உன் அம்மாவிடம் ஒரு போன் இருந்ததே, அதில் பேசக்கூடாதா என்று நீ கேட்பாய். அதையும் சொல்லிவிடுகிறேன், இதுவரை உன்னிடம் மறைத்திருந்தோம். வெளியிலிருந்து எது வந்தாலும் சோப்புப் போட்டுக் கழுவு என்று நீதானே சொன்னாய்? உன் அம்மா நீ சொன்னால் அதை ஒரு படி கூட்டித்தான் செய்வாள். பால் கவரைக் கழுவினாள், சாவியைக் கழுவினாள், செருப்பைக் கழுவினாள். கடைக்கு எடுத்துப்போன போனையும் கழுவினாள். நுரை போக நன்றாக அலசி, கவிழ்த்துக் காயவைத்தாள். அது இன்னும் காய்ந்துகொண்டிருக்கிறது. புது போன் வாங்கக் கடை இல்லை. அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த புகார்க் கோப்புகளையும் விடவில்லை. நல்லவேளை, அவற்றைக் கழுவாமல் ஆவி காட்டி, துணிக்கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டாள். எதிர்வீட்டுக்காரர் மதிலோரம் நின்று, காற்றில் படபடத்த தன்னுடைய நாய்த் தொல்லைப் புகாரைத் தானே வாசித்தார். அதன் ஓரத்தில் நான், 'மனுதாரர் வழக்கமாகப் புகார் செய்பவர், நாய் சாதுவானது' என்று குறிப்பு எழுதியிருந்தேன். அதிலிருந்து அவருக்கும் நமக்கும் பேச்சு இல்லை.

பேச்சு இல்லாமல் போனது நாயினால் மட்டும் என்றால்கூட எனக்கு வருத்தம் இல்லை. போன வாரம் உன் அம்மா ரோஷத்தை விட்டு அந்த வீட்டு வாசலில் நின்று, "மூணரைக்கு அஞ்சு நிமிஷம் உங்க போனைக் குடுத்தீங்கன்னா பொண்ணு முகத்தைப் பார்த்துட்டுத் தந்துடுவேன்" என்று கேட்டிருக்கிறாள். அந்த வீட்டம்மா கதவைப் பாதி திறந்து, "போன் வழியா ஒண்ணும் வராதுதான். இருந்தாலும் உங்க பொண்ணு இருக்கிறது அந்த வார்டுல இல்லையா" என்று சொல்லிச் சாத்திவிட்டார். உன் அம்மா வீட்டுக்கு வந்து என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். நான் கூட்டத்தில் இருந்தேன். விஷயமே எனக்குச் சாயங்காலம் லாரி ஓட்டுநர் சொல்லித்தான் தெரியும்.

ஆக இந்த வீட்டில் உயிரோடு இருக்கிற போன் இது ஒன்றுதான், அதற்குள் ஆணையர் உட்கார்ந்திருக்கிறார். வார்டுக்குள் நீ போன் எடுத்துப்போக முடியாது, மாற்றாள் வந்து உடுப்பைக் கழற்றுகிற அந்த மூன்றரை மணிதான் உனக்கு நேரம், அப்புறம் அடித்தளத்து விடுதிக்குப் போய்விட்டால் சிக்னல் கிடையாது என்பதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் பாப்பா இருந்தேன். முதல் தடவை நீ கூப்பிட்டபோது ஆணையர் நெற்றிக்கு மேலே உன் படம் வந்து நின்றது. நீ சிரிக்கிற படம், உனக்கு வேலை கிடைத்த அன்றைக்கு எடுத்தது. பச்சையும் சிவப்பும் இரண்டு வட்டம் வந்தன. பச்சையைத் தொட்டால் கூட்டம் அறுந்துபோகும் என்று தட்டச்சுப் பெண் சொல்லியிருந்தாள். வரிப் பிரிவுக்காரருக்கு முந்தின நாள் அப்படி அறுந்துபோய், 'அனுமதியின்றி வெளியேறியமைக்கு' விளக்கம் கேட்டு மேலாளர் மெமோ அனுப்பியிருந்தார். நான் இத்தனை வருஷ சர்வீசில் ஒரு மெமோ வாங்கினவன் இல்லை. அதைச் சொல்லிச் சொல்லியே உன்னை வளர்த்தேன். அந்தப் பெருமை விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ச் சிவப்பில் வைத்தது. உன் போனை நான்தான் வெட்டினேன். உன் அம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "பொண்ணைக் கட் பண்ணிட்டீங்க" என்றாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவளும் பேசவில்லை. அடுத்தடுத்த நாட்களில் நான் சிவப்பைத் தொடவில்லை, அடித்து ஓயட்டும் என்று விட்டேன். அது இன்னும் மோசம். முழுசாக அடித்து ஓய்கிற வரைக்கும் உன் சிரிப்பை நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். குறுஞ்செய்தியிலாவது சொல்லியிருக்கலாமே என்பாய், ஒரு மெமோவுக்குப் பயந்து உன்னை வெட்டினேன் என்று எழுத வெட்கமாக இருந்தது.

நான் சும்மா இருந்தேன் என்று மட்டும் நினைக்காதே. ஒருநாள் மூன்றேகாலுக்கே, "சார், எங்க தெருவுல கரண்ட் போகுது வருது, எப்ப வேணா கட் ஆகலாம்" என்று முன்ஜாமீன் வாங்கிப் பார்த்தேன். உடனே தெருவிளக்கு மேற்பார்வையாளர், கேட்காமலே வாய் திறந்து, "உங்க ஏரியாவுல ஒரு பிரச்சினையும் இல்லை சார், இப்பதான் விசாரிச்சேன்" என்றார். இந்த மனிதரிடம் நம் தெருமுனை விளக்கு எரியவில்லை என்று நான் எழுதின புகாருக்கு இன்னும் பதில் இல்லை. இன்னொரு நாள் போனுக்குச் சார்ஜ் போடாமலே உட்கார்ந்தேன், தானாகச் சாகட்டும் என்று. அந்த நேரம் பார்த்து உன் அம்மா, கோபமாக இருந்தாலும் கடமையை விடாதவள், சத்தமில்லாமல் வந்து சார்ஜரைச் சொருகிவிட்டுப் போனாள். பொண்ணு கூப்பிடுகிற நேரத்துக்கு போன் செத்துவிடக் கூடாதே என்று அவளுக்குக் கவலை. அதற்கப்புறம் முறையான வழியிலேயே போய்விடலாம் என்று முடிவு செய்தேன். முறையான வழி என்றால் நான் நேராக ஆணையரிடம் பேசக்கூடாது, மேலாளர் மூலமாகத்தான் போக வேண்டும். மேலாளர் யார் தெரியுமா, சின்ன வயதில் நீ 'மீசை மாமா' என்று கூப்பிடுவாயே, அவர்தான். அவருக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன். 'மகள் மருத்துவமனைப் பணியில் உள்ளதாலும், பிற்பகல் மூன்றரை மணிக்கு மட்டுமே பேச இயலும் என்பதாலும், அலுவல் பேச்சு தீர்ந்தவுடன் கூட்டத்தை முடித்துக்கொள்ள ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்' என்று. அவர் படித்துவிட்டார், இரண்டு நீலக் கோடும் வந்துவிட்டது. ஆனால் அவர் கட்டத்தில் சத்தம் அடைத்துக் கிடக்கிறது. கூட்டம் தொடங்கிய நாளிலிருந்தே அப்படித்தான். மீசை ஆடுகிறது, வாய் அசைகிறது, கையைக்கூட நீட்டி நீட்டிப் பேசுகிறார், ஒரு எழுத்துக் கேட்பதில்லை. மேலதிகாரியிடம் போய், ஐயா உங்கள் குரல் வரவில்லை என்று யார் சொல்வது? அவர் வாய் அசையும்போதெல்லாம் நாங்கள் மரியாதைக்குத் தலையாட்டுகிறோம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே சாமிக்கே மனசில்லை, பூசாரிக்கு வாயே இல்லை. என் மனுவைக் கீழே போட்டு உட்கார்ந்திருக்கிறார் மனிதர். மீசை வைத்தவருக்கு ஈரம் வேண்டாமா?

மீசையை விடு, என் கோபமெல்லாம் அந்த ஆணையர் மேல்தான். உன்னைவிட இரண்டு மூன்று வயசுதான் கூட இருக்கும். ஊரடங்குக்குச் சற்று முன்னால் மாற்றலாகி வந்தவர். விருந்தினர் மாளிகையில் தனியாக இருக்கிறார், சமையல்காரர் வைத்துவிட்டுப் போவதைச் சாப்பிடுகிறார். வீடு, மனுஷர், தாய், பிள்ளை என்று ஏதாவது இருந்தால்தானே அடுத்தவன் வீட்டு அருமை தெரியும்? பெரிய படிப்புப் படித்தவருக்கு ஒரு பொத்தானை அழுத்தத் தெரியவில்லை. எங்களை வாட்டுவதில் அப்படி என்ன சுகமோ. கல்லாலே அடித்துச் செய்த ஆள். இப்போதுகூட "வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்டுவிட்டுக் கன்னத்தில் கையை வைத்து எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இருக்கிறது சார், எனக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்று நாக்கு நுனிவரை வருகிறது. வாயைத் திறந்தால், "இல்லீங்க சார்" என்றுதான் வெளியே விழுகிறது.

மணி மூன்றைத் தாண்டிவிட்டது. உன் அம்மா கூடத்துக்கும் அடுப்பங்கரைக்கும் நடந்துகொண்டிருக்கிறாள். காலையில், இத்தனை நாள் மௌனத்துக்குப் பிறகு, ஒரே ஒரு வாக்கியம் பேசினாள். "இன்னைக்கு நீங்க எடுக்கலைன்னா நான் எடுப்பேன்" என்றாள். அவள் சொன்னால் செய்வாள். இன்றைக்கு உன் போனை எடுத்துவிட்டேனா இல்லையா என்று இதைப் படிக்கும்போது உனக்குத் தெரிந்திருக்கும். எடுக்கவில்லை என்றால், என் நிலைமை இதுதான் என்று புரிந்துகொண்டு, கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிடாதே. எடுக்காத போனாக இருந்தாலும் அது மூன்றரைக்கு அடித்தால்தான் நீ அன்றைக்கும் நன்றாக இருக்கிறாய் என்று எங்களுக்குத் தெரிகிறது.

நேரத்துக்குச் சாப்பிடு. கையுறை போட்டுப் போட்டு விரல் தோல் உரிகிறது என்று ஓட்டுநர் சொன்னார், இந்தக் கடிதத்தோடு ஒரு சின்னப் புட்டியில் எண்ணெய் வைத்திருக்கிறேன், தடவிக்கொள். தீர்க்காயுசாக, நோய் நொடி அண்டாமல் இருக்க உன் அப்பாவின் ஆசீர்வாதம். உன் அம்மாவின் ஆசீர்வாதத்தையும் சேர்த்துக்கொள், அவளைக் கேட்கவில்லை, ஆனால் எப்போதும் இருக்கும்.

இப்படிக்கு,
மன்னிப்பை எதிர்நோக்கும்,
அப்பா.

பின்குறிப்பு: மேலே ஆணையரைப் பற்றி எழுதியதையெல்லாம் அடித்துவிடு. மீசை மாமாவைப் பற்றி எழுதியதையும் அடித்துவிடு. நான் அடித்தால் தாள் கிழிந்துவிடும், அவ்வளவு எழுதியிருக்கிறேன்.

பின்குறிப்பு இரண்டு: மேலே உள்ளதை எழுதி நான் நிமிர்வதற்குள் உன் அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, என்னைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு, சர்க்கரை டப்பாவுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். பதினோரு கட்டமும் ஆடாமல் அசையாமல் நின்றன. கணக்கு அம்மாவின் கத்திகூட நின்றுவிட்டது.

"தம்பி, நான் இவரோட வீட்டுக்காரி. எங்க பொண்ணு காய்ச்சல் வார்டுல நர்ஸா இருக்கா. இன்னும் கொஞ்ச நேரத்துல கூப்பிடுவா. இத்தனை நாளா அவ முகத்தைப் பார்க்கலை. இவரை விட்டுடுங்க."

நான் நாற்காலிக்குப் பின்னால் பதுங்கிவிட்டேன். போச்சு, சர்வீஸ் போச்சு. ஆணையர் கன்னத்திலிருந்து கையை எடுத்தார். அப்புறம், "அம்மா, நான் யாரையும் பிடிச்சு வைக்கலையே" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. "நான் சேர்ந்த அன்னைக்கே சொன்னாங்க. இந்த ஆபீஸ்ல எல்லாரும் உங்க அப்பா வயசு, அவங்க இருக்கும்போது நீங்க பாட்டுக்கு எழுந்து போயிட்டா அவமரியாதையா எடுத்துக்குவாங்கன்னு. தினமும் வேற ஏதாவது இருக்கான்னு கேட்டுப் பார்க்கிறேன். இல்லைங்கறாங்க, ஆனா ஒருத்தரும் போகலை. சரி, பெரியவங்க இன்னும் ஏதோ வேலையா இருக்காங்க போலன்னு நானும் உக்காந்திருக்கேன். எங்கம்மாவும் தினமும் கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. ராத்திரிதான் திருப்பிக் கூப்பிடறேன், அதுக்குள்ள தூங்கிப்போயிடறாங்க."

உன் அம்மா திரையை உற்றுப் பார்த்து, "அந்த மீசைக்காரப் பெரியவர் என்னமோ சொல்றாரே, யாராவது கேக்கக்கூடாதா? ஐயா, கீழே மைக் படத்து மேல சிவப்பா கோடு போட்ட மாதிரி ஒண்ணு இருக்கு பாருங்க, அதைத் தொடுங்க" என்றாள். மீசை மாமா தொட்டார். இத்தனை நாளுக்குப் பிறகு அவர் குரல் நடுவாக்கியத்திலிருந்து வந்து விழுந்தது. "...ஆகவே, புகார்ப் பிரிவுக் கண்காணிப்பாளரின் மகள் பேசும் நேரத்தை முன்னிட்டு, மதியத்தோடு கூட்டத்தை முடித்துக்கொள்ளலாம் என்று மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." அந்த 'மீண்டும்' எனக்குச் சுருக்கென்று தைத்தது. மனிதர் தினமும் கேட்டிருக்கிறார். நாங்கள்தான் தலையாட்டியிருக்கிறோம். தான் கேட்டது மறுக்கப்பட்டதாக அவர் நினைத்துக்கொண்டு, எனக்கு முகம் காட்டக் கூச்சப்பட்டு, குறுஞ்செய்திக்குப் பதில்கூடப் போடாமல் இருந்திருக்கிறார்.

அதன் பிறகாவது கலைந்தோமா என்றால் இல்லை. "நீங்க முதல்ல போங்க சார்" என்றார் ஆணையர் மேலாளரிடம். "அய்யய்யோ, நீங்க இருக்கும்போது நான் எப்படி சார், நீங்க போங்க" என்றார் அவர். "பரவாயில்லை, வயசுல பெரியவங்க நீங்க." "பதவியில பெரியவங்க நீங்க சார்." பொறியாளரும் சேர்ந்துகொண்டார், வரிப் பிரிவுக்காரரும் சேர்ந்துகொண்டார். மணி மூன்று இருபத்தெட்டு. உன் அம்மா ஒரு பெருமூச்சு விட்டு, கூட்டத்திலிருந்து வெளியேறுகிற சிவப்பு வட்டத்தை நீட்டிய விரலால் ஒரு குத்துக் குத்தினாள். ஆணையருக்கு முன்னால், பட்டப்பகலில், தெரிந்தே கூட்டத்தைவிட்டு வெளியேறிய முதல் ஊழியன் என்று எங்கள் அலுவலகச் சரித்திரத்தில் என் பெயர் வந்துவிட்டது. செய்தது அவள்.

அடுத்து நீ கூப்பிட்டாய். அது உனக்கே தெரியும். உனக்குத் தெரியாததை மட்டும் எழுதுகிறேன். உன் அம்மா ஒன்றும் பேசாமல் உன்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாளே, கோபம் என்று நினைத்திருப்பாய். உன் மூக்கின் மேலும் கன்னத்திலும் முகமூடி அழுத்திய தழும்பைப் பார்த்துவிட்டாள். நீ வைத்த பிறகு, இருண்ட திரையில் அந்தத் தழும்பு இருந்த இடத்தைக் கையால் தடவிக்கொண்டிருந்தாள். நீ, "ஏம்ப்பா இத்தனை நாளா எடுக்கலை?" என்று கேட்டபோது நான், "சிக்னல் இல்லம்மா" என்றேன். அது பொய். உண்மை மேலே இருக்கிறது, எவ்வளவு கேவலமாக இருந்தாலும் படித்துக்கொள். அப்புறம் நான் உன்னிடம், "விடுதியில தண்ணி ஒழுங்கா வருதா, புகார் ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். உனக்குப் பயமாக இருக்கிறதா என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன் பாப்பா, வந்தது அது.

இதையும் எழுதிவிட்டு மடிக்கப்போகும்போது அலுவலகக் குழுவில் சுற்றறிக்கை வந்தது. மீசை மாமா போட்டிருக்கிறார், ஆணையர் உத்தரவுப்படி: 'ஊழியர்களின் குடும்பச் சூழலைக் கனிவுடன் பரிசீலித்து, நாளை முதல் கூட்டம் எக்காரணம் கொண்டும் பிற்பகல் நான்கு மணிக்கு மேல் நீடிக்காது. அதுவரை அனைவரும் தவறாது அமர்ந்திருக்க வேண்டும்.' கீழே ஒன்பது பேர் கைகூப்பி நன்றி சொல்லியிருக்கிறார்கள். உன் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். ஊரடங்கு வந்த பிறகு அவள் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாளைக்கு மெமோ வரும் என்று தெரிகிறது. லாரி ஹாரன் கேட்கிறது, இத்தோடு முடிக்கிறேன். நீ மூன்றரைக்கே கூப்பிடு. நான் எடுப்பேன்.